வெள்ளிக்கிழமை நூல்

முந்நூறு கேபிள் டை,
பச்சை வலை ஒரு சுருள்.
சன்னல் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
என் மூன்று விரல் இடைவெளி.
தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்றார்
எதிர்வீட்டு ரோஸ்னா.
அவருடைய பூனை ஒன்று போனது அப்படித்தான்,
ஒரு மைனாவின் பின்னால்,
காலை ஏழு மணிக்கு,
தெலுக் பிளாங்கா முழுக்கப்
பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது.
பூனைக்கு விழத் தெரியும் என்று
யாரோ சொல்லியிருந்தார்களாம்.

அன்று ராத்திரியே கட்டத் தொடங்கினேன்.
சோபாவில் இருந்தபடி
"வீடா, கோழிக்கூண்டா?" என்றார் சுகுமாறன்.
அவருக்குப் பூனை ஆகாது.
தும்மல் வரும்.
தும்மல் வராத நாளில் பேச்சு வரும்.

கீழ்த்தளத்தில், பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால்
உருண்டுபோன ஐம்பது காசுக்குக் கைவிட்டபோது
காசுக்குப் பதில் கிடைத்தது இது.
அதனால் சில்லறை.
சாம்பல் உடம்பு, ஒரு காதின் நுனி மட்டும் வெள்ளை.
தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில்
அரிசிமணி அளவில் ஓர் எண் வைத்துப்
பதிவும் செய்தாயிற்று.
எனக்கு நிரந்தரவாசம் கிடைக்க ஏழு வருஷம்.
அதற்கு ஒரு மதியம்.

அப்புறம் என் கண் மாறிப்போனது.
வீட்டை முழங்கால் உயரத்திலிருந்து பார்க்கப் பழகினேன்.
அலுவலகத்தில் கொடுத்த லில்லிப் பூங்கொத்தை
வாசல் தாண்ட விடவில்லை,
மின்தூக்கியில் வந்த யாரோ ஒருத்திக்கு அன்று அதிர்ஷ்டம்.
அந்த மகரந்தத்தை நக்கினாலே
சிறுநீரகம் போய்விடுமாம்.
பனடால் பூட்டுக்குள்.
துணி போடுமுன் இயந்திரத்துக்குள்
தலைவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.
புகைமூட்ட வாரத்தில் சன்னலெல்லாம் அடைத்து
நானும் அதுவும் ஒரே மின்விசிறிக்கு முன்னால்.

இவ்வளவும் செய்தவள்
சிராங்கூன் ரோட்டில், வெள்ளிக்கு வெள்ளி,
மூன்று வெள்ளி கொடுத்து மல்லிகை வாங்கி வைத்து,
ராத்திரி தலையிலிருந்து எடுத்து
மேசைமேல் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை சாப்பிடவில்லை.
ஞாயிறு, கட்டிலுக்கடியில் மூன்று இடத்தில் வாந்தி,
மஞ்சளாய், நடுவே வாடின இதழ் ஒன்று.
வாயைத் திறந்து பார்த்தேன்.
நாக்கின் அடியைச் சுற்றி
உள்ளே போகிறது வெள்ளை நூல்.
நுனி தெரிந்தது.
நகத்தில் பிடித்தும்விட்டேன்.

"இழுக்காதே!"

சுகுமாறன்தான்.
காதில் போன், மறுமுனையில் கிளினிக்.
அந்தப் பெண் சொல்லச் சொல்ல
சத்தம் போட்டுத் திருப்பிச் சொல்கிறார்.
இழுத்தால் குடலை அறுக்குமாம்.
வெட்டவும் கூடாதாம்.
அப்படியே தூக்கிக்கொண்டு வரவேண்டுமாம்.
எந்த எண்ணுக்கு அடிப்பதென்று
இவருக்கு எப்படித் தெரிந்தது?
குளிர்பதனப் பெட்டியில் நான் ஒட்டிவைத்த தாளைப்
படித்திருக்கிறார்,
தண்ணீர் எடுக்கும்போதெல்லாம், ஒன்றும் சொல்லாமல்.

டாக்டர் குவெக் திரையில் படம் காட்டினார்.
பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசகொசவென்று சுருங்குமே,
அப்படிக் கிடந்தது குடல்.
அவருக்கு இதை எப்படிச் சொல்வது?
இடுப்பில் கைவைத்து இழுத்துக் காட்டினேன்.
ஆமாம், அப்படித்தான், என்று தலையாட்டினார்.

மூன்று இடத்தில் திறந்தார்கள்.
பில் எவ்வளவென்று இங்கே எழுதப்போவதில்லை.
திரும்பும்போது டாக்சியில்
கூடை சுகுமாறன் மடியில்.
தும்மிக்கொண்டே வந்தார்,
ஒரு தும்மலுக்கும் கூடை அசையவில்லை.

இப்போதும் வெள்ளிக்கு வெள்ளி பூ வருகிறது.
அவர்தான் வாங்கி வருகிறார்.
கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து
முடிச்சு முடிச்சாய் அவிழ்த்து
உதிரியைக் கிண்ணத்தில் போட்டுத் தருகிறார்.
தலையில் வைக்க முடியாது.
மணக்கிறது, போதும்.
நூலை விரலில் சுற்றி,
அறுந்த துண்டு எதுவும் கிடக்கிறதா என்று
மேசைக்கடியில் குனிந்து பார்த்து,
சமையலறைக் குப்பைக் குழாயைத் திறந்து போடுகிறார்.

பன்னிரண்டு மாடி.
சத்தமே வராது.
வலைக்கு இந்தப் பக்கம்
மைனாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சில்லறை
அதற்கு மட்டும் காதைத் திருப்புகிறது,
நுனி வெளுத்த காதை.