ஒரு விகுதி பற்றிய கூட்டக் குறிப்பு

வீபோர் நகர நூலகத்தின் மேல்மாடி.
ஜனவரி. காலை எட்டே கால் ஆகியும்
ஜன்னலில் விடியல் வந்து ஒட்டவில்லை.
ஒன்பது உறுப்பினர்கள், ஒரு காப்பிக் குடுவை,
தட்டில் பாதியாய் அரிந்த அவித்த முட்டைகள்.
எனக்கு வாக்கு இல்லை.
பேசுவதை எழுதுவதும், எழுதியதை
யாருமே பேசாததுபோல் ஆக்குவதும் என் வேலை.

பொருள் எண் நான்கு:
முட்டைக்கோழிகள், அவை அமரும் கம்புகளின் உயரம்.

போடில் கைப்பையைத் திறந்து
ஒரு காகித உறையை எடுத்தார்.
கால்நடை மருத்துவர். குரலை உயர்த்தியே கேட்டதில்லை.
உறையிலிருந்து மேசைமேல் சரிந்தன
பதினோரு மார்பெலும்புகள்,
படகின் அடிக்கட்டைபோல் கூர்ந்து, வெளுத்து.
எட்டு முறிந்தவை; கோணலாய்க் கூடியவை.
ஒன்றை என்னிடமும் நீட்டினார்.
(குறிப்பேட்டில் இதற்கு இடமில்லை.)
விரலுக்கடியில் ஒரு முடிச்சு.

“மேல்கம்பிலிருந்து இருட்டில் குதிக்கிறது.
தரை எங்கே என்று தெரியாது.
ஓட்டுக்குக் கொடுத்தது போக
எலும்பில் மிஞ்சிய சுண்ணாம்பு கொஞ்சம்தான்.”
யாரோ முட்டைத் தட்டை
மெல்லத் தள்ளிவைத்தார்.

பொருளாதாரம் பேசும் ஐலர்
ஒரு முட்டைக்கு எவ்வளவு காசு ஏறும் என்று
மூன்று தசமம் வரை சொன்னார்.
பேரங்காடிகளின் சார்பில் வந்த பெண்மணி
தலையை அசைத்தார்,
ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும்.
நெறியியல் பேராசிரியர்
“வலி என்பது” என்று தொடங்க,
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வரைவில் இருந்தது:
சாய்பலகை அமைக்க வேண்டும்.
அமைச்சகத்திலிருந்து பார்வையாளராய் வந்தவர்
பேனா மூடியைக் கடித்தபடி
“அமைக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாமே” என்றார்.
ஒரே மூச்சில் இரண்டு லாம்.
வேண்டும் என்பதற்குக் கால் உண்டு,
பண்ணைவரை நடந்து போகும்.
லாம், கோப்புக்குள் படுத்துத் தூங்கும்.

எல்லோரும் எஸ்பென் டோஃப்ட்டைப் பார்த்தோம்.
பன்னிரண்டாயிரம் கோழிகளின் சொந்தக்காரர்.
லாம் பக்கம்தான் சாய்வார் என்று
அவர் வரியை முன்கூட்டியே எழுதியிருந்தேன்.
அவர் ஓர் எலும்பைக் கட்டைவிரலால்
தடவிக்கொண்டே இருந்தார்.

“போன இலையுதிர் காலத்தில் பலகை போட்டேன்.
சொந்தக் காசு.
போடாத பக்கத்துப் பண்ணைக்காரன்
என்னைவிடக் குறைத்து விற்றான்.
லாம் என்று எழுதினால்
செய்தவன் ஏமாளி.
வேண்டும் என்று எழுதுங்கள். எல்லோருக்கும்.”
பிறகு, எலும்பைக் கீழே வைத்து:
“எனக்கும் சேர்த்துத்தான்.
கடன் தவணை வரும் மாதத்தில்
நானும் நல்லவன் இல்லை.”

எழுதியிருந்த வரியை அடித்தேன்.

ஏழுக்கு இரண்டு.
பரிந்துரை மேலே போனது.
மேலே என்றால் கோபன்ஹேகன். அங்கே
துணைக்குழு, கருத்துக்கேட்பு, தேர்தல்,
புது அமைச்சர், பழைய கேள்விகள்.
ஒரு முட்டைக்கோழிக்கு எண்பது வாரம் ஆயுள்.
ஒரு வாக்கியம் பிறக்க ஐந்து ஆண்டு.
எஸ்பெனின் கொட்டில் மூன்று முறை
காலியாகி, கழுவப்பட்டு, நிறைந்தது
எங்கள் வினைச்சொல்
அரசிதழ் போய்ச் சேர்வதற்குள்.

வந்தது இப்படி:
சாய்பலகை அமைக்க வேண்டும்,
புதிய கொட்டில்களில்.
கடைசி இரண்டு சொற்கள்
என் குறிப்புகளில் எங்கும் இல்லை.
பக்கம் பக்கமாய்த் தேடினேன்.
குறிப்பெடுக்காத அறைகளும் இருக்கின்றன.

மார்ச்சில் எஸ்பெனின் கொட்டிலுக்குப் போனேன்,
வேலையாக அல்ல.
காலணிமேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி நின்றேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாய் மங்கும் நேரம்.
ஒரு பழுப்புக் கோழி, மேல்கம்பின் ஓரத்தில்,
கழுத்தை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி
கீழிருந்த இருட்டை அளந்தது.
பிறகு பலகையில் நகங்கள் டக்டக்கென
நடந்தே இறங்கியது.

வெளியே வந்தபோது
பக்கத்துப் பண்ணையில் வெளிச்சம்
இன்னும் அணையவில்லை.
அது பழைய கொட்டில்.