ஹாஃப் கிளட்ச்

முதல் படி என் தொடை உயரம்.
வலது காலை வைத்து, கம்பியைப் பிடித்து
உடம்பை மேலே இழுத்துக்கொண்டபின்
இடது கால் வந்து சேரும்,
ரேஷன் கடைக்குக் கூட்டிப்போன பிள்ளை மாதிரி
முனகிக்கொண்டே.

முட்டிக்குக் கீழே ஒரு தகடு, ஆறு திருகாணி.
பாடி மேம்பால இறக்கத்தில்
ஒரு மழை ராத்திரி பைக் வழுக்கியதற்கு
ஆஸ்பத்திரி கொடுத்த ரசீது.
லாரியில் கிளட்ச் இருப்பதோ
இடது பக்கம்தான்.

பத்தொன்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில்
வெர்னியர் பிடித்த கை இது.
புஷ்ஷின் உள்விட்டம் ஒரு முடி அளவு கூடினாலும்
சிவப்பு டப்பாவில் போடுவேன்.
கம்பெனி ஒரகடம் போனபோது
என்னை எதை வைத்து அளந்தார்களோ,
நானும் சிவப்பு டப்பாவில் விழுந்தேன்.

நாற்பத்தெட்டு முடிய மூன்று மாதம் இருக்கையில்
மாதவரத்தில் ஹெவி பழகப் போனேன்.
கூடப் பழகியவர்களுக்கு
மீசை அப்போதுதான் கறுத்திருந்தது.
கற்றுக்கொடுத்த சலாமத்துக்கே இருபத்தாறு.
"மிதிக்கறது பெரிய விஷயம் இல்ல அங்கிள்,
வுடறதுதான். ஒரு எடத்துல கடிக்கும்,
அங்க நில்லுங்க."

எந்த இடம்? எத்தனை மில்லிமீட்டர்?
பாக்கைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து
தலையணையைச் சுவரோடு வைத்து
ஒரு மாதம் மிதித்தேன்.
ரூபி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் அந்த இடத்தில்
அதைவிடக் கெட்டியான தலையணை ஒன்று இருந்தது.

மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு டாக்டர்
உட்காரச் சொன்னார், எழச் சொன்னார்.
முட்டியிலிருந்து வந்த சத்தத்துக்கு
நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்,
பழி அதன்மேல் போகட்டும் என்று.
சர்க்கரை உண்டா என்று அவர் கேட்கவில்லை.
நான் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டது
இப்போது ராத்திரிக்கு மூன்று தடவை
தண்ணீர் பாட்டிலில் நிறைகிறது.

"லாங் ட்ரிப் ஒனக்கு வேணாம் எபி,
மணலி யார்டுலேர்ந்து ஹார்பர், அவ்ளோதான்"
என்றார் லோகையா.
அந்த அவ்வளவு
பதினைந்து கிலோமீட்டர்தான்,
சில நாள் பதினோரு மணி நேரம்.

மணி ஒன்றரை.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
பெட்டிக்குப் பின்னால் பெட்டி.
என் முதுகில் நாற்பதடி கன்டெய்னர்,
பூட்டில் சீல், உள்ளே என்னவென்று தெரியாது.
ஒருவேளை புஷ்ஷாகவே இருக்கலாம்.
இடப்பக்கம் கருங்கல்லுக்கு அப்பால் கடல்
யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லாமல்
வந்து வந்து போகிறது.

பத்தடி நகரும். நிற்கும்.
மிதி, விடு, கடிக்கும் இடத்தில் நில்.
ஆறு திருகாணியும் ஆஜர் சொல்லும்,
நாலாவது மட்டும் கொஞ்சம் கூடப் பேசும்.
முன்வண்டிக்கும் எனக்கும் நடுவே
ஒரு ஆட்டோ நுழையும் அளவு இடம் விட்டேன்.
நுழைந்தேவிட்டது.
பின்னாலிருப்பவன் ஹாரனில் என் பரம்பரையை விசாரிக்கிறான்.

கேட்டில் துப்பாக்கி மாட்டிய வடநாட்டுக்காரர்
டார்ச்சை லைசென்ஸில் அடித்தார்,
பிறகு நரையில், மறுபடி லைசென்ஸில்.
தேதியைத் தட்டிக் காட்டி
புதுசா என்று ஹிந்தியில் கேட்டார்.
ஆமாம் சார் என்று தமிழில் சொன்னேன்.
தேவைக்குமேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
ஒரு அடி பின்னால் போனார்.

இறங்கும்போது முகம் வண்டிக்கு, முதுகு ஊருக்கு.
ஏறுகையில் பின்னால் வந்த கால்
இப்போது முன்னால் போகிறது.
தரை எங்கே என்று இருட்டில்
கட்டைவிரல் துழாவுகிறது.
ஒன்றரை அடி இருக்கும்.
கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.