மிலான் எந்த ஊர்ப் படகு

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
கரும்பலகை ஒன்றுதான்.
மேல்பாதி படகுகளுக்கு:
கடல்ராணி முப்பது கட்டி,
அல் பஹ்ர் நாற்பத்தைந்து,
சிவசக்தி இருபது, பழைய பாக்கி வேறு.
கீழ்ப்பாதி
செவ்வாய் இரவும் புதன் இரவும் மட்டும்
ஐரோப்பாவுக்கு.

கணக்கெழுதுகிறவன் நான்,
ஆகவே வெண்கட்டி என் கையில்.
வேறொருவன் எழுதினால்
விடிவதற்குள் இரண்டு மூன்றாகிவிடும்;
எங்களுக்குள் அவ்வளவு நம்பிக்கை.

காசு வைக்கக் கூடாதென்பது ஜெஸ்மீரின் சட்டம்.
தோற்றவன் உப்புநீர்த் தொட்டியின்
மூடிகளைக் கழுவவேண்டும்.
அதற்கு எந்த மார்க்கத்திலும் தடையில்லை.

கோவேந்தன் கொம்பிறஷர் பார்ப்பவன்.
புள்ளிவிபரக்காரன்.
லிஸ்பனுக்கு எதிர்பார்க்கப்படும் கோல்
ஒன்று தசம் ஏழு என்றான் ஒருநாள்.
தசம் ஏழு கோல் எப்படியடா இருக்கும்?
கொஞ்சம் யோசித்தான்.
‘நீ இஞ்ச எண்ணி ஏத்துற கட்டி
ஜெட்டிக்குப் போய்ச் சேரக்குள்ள இருக்குமே,
அப்பிடி.’
அதன்பின் நான் அவனோடு வாதாடியதில்லை.

ஜெஸ்மீர் லொறி ஓட்டுகிறான்.
முதலாட்டத்தில் சொந்த மண்ணில் தோற்றவனுக்கே
எப்போதும் அவன் வாக்கு.
‘கிறுகி வருவான் பாரு’ என்பான்.
இந்தப் பருவத்தில் மட்டும்
முந்நூறு மூடி கழுவியிருக்கிறான்.

நான் ஒன்றுக்கு ஒன்று எழுதுகிறவன்.
லீக் ஆட்டங்களில் அது பாதி நாள் பலிக்கும்,
ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.
நொக் அவுட் தொடங்கினால் வெண்கட்டி கனக்கிறது.
யாரையாவது வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

அன்றைக்கு மறு ஆட்டம்.
லிஸ்பன் ஒரு கோல் முன்னே.
‘மிலான் மூண்டு, லிஸ்பன் ஒண்டு’ என்றான் ஜெஸ்மீர்.
எந்த மிலான், அங்கே இரண்டு இருக்கிறதே?
‘தோத்தது எதுவோ அது.’
எழுதினேன்: மிலான் 3 – 1.
கோவேந்தன் கணக்கெடுத்துக்கொண்டிருந்தான்.
என் இடம் வெறுமையாகக் கிடந்தது.

ஒன்றே காலுக்கு அமலதாசன் வந்தார், தண்டையல்.
ஐம்பது கட்டி. ஒரு மாதப் பயணம்.
தன் படகின் பெயரைத் தேடி
பலகையை மேலிருந்து கீழே வாசித்துவந்தவர்
கடைசி வரியில் நின்றார்.
‘மிலான் எந்த ஊரு போட்டு மனே?
மூண்டு எடுத்து
ஒண்டத் திருப்பிக் குடுத்திருக்கான்?’

கோவேந்தன் சிரித்த சிரிப்பில்
உப்புச் சாக்கில் சாய்த்துவைத்த போன் விழுந்தது.
ஜெஸ்மீர் சிரிக்கவில்லை. விளங்கப்படுத்தினான்:
அங்கே ஓர் ஆட்டம், இங்கே ஓர் ஆட்டம்,
இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒருவன் வெளியே.
தண்டையல் வழுக்கி வரும் கட்டிகளை
எண்ணிக்கொண்டே கேட்டார்.
‘பதினெட்டு.
போறதுக்கு ஒரு கணக்கு,
வாறதுக்கு ஒரு கணக்கு.
பத்தொம்பது.
இதென்ன புதினமா, எங்கட தொழில்தானே.’

யார் வெல்லுவான் சொல்லுங்கள், என்றோம்.
‘ஐஸத் திருப்பிக் குடுக்கிறவன் மீன் படாதவன்.
இருவத்தி மூண்டு.
பாவம், அவன் வெல்லட்டும்.’
பிறகு வாசலில் நின்று
‘நான் வந்து கேக்குமட்டும் அத அழிச்சிராத’ என்றார்.

ஒன்றரைக்கு அங்கே பந்து உருண்டது.
இங்கே கயிறு அவிழ்ந்தது.
ஐஸ் நொறுக்கும் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை,
திரையில் வட்டம் சுற்றியது,
சுற்றியபடியே ஒருவன் பந்தோடு
கோலுக்கு முன்னால் உறைந்து நின்றான்.
வெளியே படகின் விளக்கு
பாரைத் தாண்டிச் சிறுத்தது.

மூன்றரைக்கு முடிவு தெரிந்தது.
மூடி கழுவியது யாரென்று
இங்கே எழுதமாட்டேன்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
எழுதி அழித்து எழுதி
மேல்பாதி கீழே இறங்கிவிட்டது.
அல் பஹ்ரின் பாக்கித்தொகை
‘மி’யின் கொம்பில் முட்டிக்கொண்டிருக்கிறது.
காலையில் முதலாளி வந்தார்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
‘ஆரு இந்த மிலான்?
கணக்கு முடிக்க இன்னும் வரல்லியா?’

கடலில் நிற்கிறான், என்றேன்.