காணாக்கடி

பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு.
பாலித்தீனில் சுற்றிய ஐஸ்கட்டியை
என் முன்கையில் வைத்தார் டாக்டர் ஜெசிந்தா.
ஐந்து நிமிஷம்.
எடுத்தபோது ஒன்றுமில்லை. சிரித்தேன்.
"அவசரப்படாதீங்க."
தோலுக்குச் சூடு திரும்பத் திரும்ப
எழும்பியது தடிப்பு
சதுரமாக, ஐஸ்கட்டியின் அச்சு.

பதினோரு வருஷம் கரிமேட்டில்
சங்கராவுக்கும் விளைமீனுக்கும் ஐஸ் உடைத்த கை.
ஏதோ கடிக்கிறதென்று
சாக்கை உதறினேன்
பூரானைத் தேடினேன்
வேப்பிலை அரைத்துப் பூசினேன்.
கடித்தது உள்ளேயாம்.
தோலடியில் காவலிருக்கும் செல்கள்
குளிர் தட்டினால்
மடியை அவிழ்த்துக் கொட்டிவிடுமாம்.

"அப்ப இது?" கழுத்தைக் காட்டினேன்.
பொடிப்பொடியாய், வேர்க்குரு மாதிரி.
பங்குனி வெயிலில் வரும்,
இல்லாவிட்டால் ஏலத்தில் ஒச்சப்பன்
"ஏய் முத்திருளாயி, எடை எங்கடி போச்சு?"
என்று கத்தும்போது.

அது வேற, என்றார்.
வேர்க்கச் சொல்லி நரம்பு அனுப்புற ரசாயனம்.
அதுக்கும் அவிழும்.

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றது.
சதுரம் பாதி அடங்கியிருந்தது.
ரப்பர் கையுறை நூற்றைம்பது ரூபாய்,
வாங்கிவிடலாம்.
நாளைக்கு நேரே கேட்டுவிட வேண்டும்,
தராசு யாருடையதென்று.

நினைத்த மாத்திரத்தில்
கழுத்து அரித்தது.