ஒன்றேகால் தினார்

ஃபர்வானியாவில் மொய்துவின் சலூன் மேற்கு பார்த்தது.
எனக்கு முன்னால் மூன்று தலைகள்.
கண்ணாடியோரம் கிடந்த பத்திரிகைகளில்
நான் செய்த அட்டை ஒன்று,
இரண்டு கோடை வெயில் தின்றது போக மீதி.

வீட்டு அலங்கார இதழ். அரபி; முதுகு வலப்பக்கம்.
ஷுவைக் அச்சகத்தில் இரவு பதினொன்றுக்கு
ரூலாவும் நானும் இதற்காகச் சண்டை போட்டோம்.
மஞ்சள் சோபா, பீங்கான் கிண்ணத்தில் ஐந்து மாதுளை,
பின்னால் சன்னல், அதில் ஒரு விரற்கடை கடல்.

"கண் வலது மேல்மூலையில் நுழையும்.
இதழின் பெயரைத் தொடும், சோபாவில் சறுக்கும்,
மாதுளையில் வந்து உட்காரும்.
உன் கடல் குறுக்கே நிற்கிறது" என்றாள்.
சிகரெட் இல்லாத நேரத்திலும்
இரண்டு விரலுக்கு நடுவே அதற்கு இடம் விட்டுப் பேசுவாள்.

நான் இடமிருந்து வலம் படித்து வளர்ந்தவன்.
என் கண் சன்னல் வழியாகத்தான் உள்ளே போனது.
மஞ்சளைக் குறைக்கலாம், கத்துகிறது, என்றேன்.
கத்தட்டும், என்றாள்.
கடையில் நாற்பது அட்டைகள் வரிசையாக நிற்கும்;
முணுமுணுப்பவளை யார் கையில் எடுப்பார்கள்?
மஞ்சள் நூறு. மெஜந்தா பன்னிரண்டு.
ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வெயில் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.
முதலில் மஞ்சளை எடுத்தது. பிறகு மெஜந்தாவை.
சோபா இப்போது வெளுக்கப்போட்ட படுக்கைவிரிப்பு.
மாதுளை ஐந்தும் கூழாங்கல்.
சிவப்பில் போட்ட தலைப்பு இருந்த இடத்தில்
ஏதோ இருந்தது என்பது மட்டும் இருக்கிறது.
பார்கோடு ஒரு கோடு குறையவில்லை.
கடலும் அப்படியே. இல்லை, பெருகியிருக்கிறது:
சன்னலைத் தாண்டி இறங்கி
சோபாவின் கால்வரை நீலம்.

ஜெயித்துவிட்டேன்.
யாரிடம் சொல்ல?
மூன்றாவது இதழோடு பத்திரிகை நின்றது,
ரூலா மாண்ட்ரியல் போய்விட்டாள்.
படமெடுத்து அனுப்பலாமென்று ஃபோனை நீட்டினேன்.
அது தன் இஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்தி
நேற்று அச்சான சோகையான அட்டை ஒன்றைக் காட்டியது.
அழித்தேன்.

அப்போதுதான் விலைச்சீட்டு கண்ணில் பட்டது.
ஜம்மியாவில் ஒட்டியது: ஒன்றேகால் தினார்.
சோபாவின் கைப்பிடிமேல், ஒரு முனை சுருண்டு.
பசை காய்ந்து பொருக்காகியிருந்தது.
நகம் பட்டதும் வந்துவிட்டது.

அடியில் மஞ்சள்.
நூற்றுக்கு நூறு. பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு,
அவள் சொன்ன அதே சூடு.
கட்டைவிரல் அகலம்தான்.
சீட்டைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"அடுத்த ஆள்."
வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினான் மொய்து.
எதிர்க் கண்ணாடியில், எனக்குப் பின்னால், தூரத்து மேஜையில்
அதே அட்டை இடவலம் மாறிக் கிடக்கிறது,
முதுகு நம் புத்தகங்களைப்போல இடப்பக்கம்.
சன்னல் எனக்கு வசதியான மூலைக்கே வந்துவிட்டது.
இவ்வளவு கடல் இருக்கிறது பார்க்க.

கண்ணை மூடினேன். திறந்தேன்.
இன்னொரு முறை மூடித் திறந்தேன்,
வேறெங்காவது விழுகிறதா என்று.

"தலையை ஆட்டாதீங்க சேட்டா" என்றான் மொய்து.