கேட்காமல் விட்ட தேய்மானம்

மார்கழி பிறந்து நான்காம் நாள்.
அனுப்பானடி கனகவல்லி மஹாலில்
தை வரைக்கும் கல்யாணம் கிடையாது.
நாற்காலிகளை எண்ண இதுதான் தோது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
வாங்கியது அறுநூறு என்கிறார் சோலையழகு.
மீதி எண்பத்தெட்டும்
பக்கத்துத் தெரு எழவு வீடுகளுக்குப் போய்
அங்கேயே உட்கார்ந்துவிட்டன.

ஜூலையில் போட்ட ரிட்டர்னைத் திருத்த
முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி வரை நேரம் இருக்கிறது.
அதற்கு முந்தைய எட்டுக்கும் கதவு சாத்தியாயிற்று.

கோவர்த்தனன் நல்ல மனுஷர்.
கீழவாசல் மாடியறையில் உட்கார்ந்து
எட்டு வருஷமும் இவர் கணக்கை
முத்து முத்தாக எழுதியிருக்கிறார்.
கட்டடம், ஜெனரேட்டர், ஏசி, அண்டா குண்டா
எல்லாம் சேர்த்து ஒரே பத்திரத்தில்
அமானுல்லாவுக்கு வாடகை.
வந்தது இவ்வளவு, கட்டிய வரி இவ்வளவு.
தேய்மானம் என்ற கட்டத்தில் மட்டும்
வருஷா வருஷம் ஒரு சின்னக் கோடு.
"ஓடிட்டிருக்க சாமானைத் தேஞ்சு போச்சுன்னு எழுதுறது
தொழிலுக்கு ஆகாது"
என்பாராம்.

"சரி, நாம கேக்கவே இல்லையே,
அப்ப முழு வெலையில இருந்துதானே ஆரம்பிக்கணும்?"
சோலையழகு மடக்கிவிட்ட சந்தோஷத்தில்
வேட்டியை ஏற்றிக் கட்டுகிறார்.

இல்லை.
கேட்டாலும் கேட்காவிட்டாலும்
தேய்ந்ததாகவே கொள்ளும் சட்டம்.
நாலு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வந்த ஜெனரேட்டர்
முதல் வருஷம் பதினைந்து சதம் இளைத்தது.
மிச்சத்தில் பதினைந்து.
அந்த மிச்சத்தில் பதினைந்து.
இப்படி எட்டு தரம்.
ஒரு லட்சத்து முப்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து
என்று திருப்பிக் காட்டுகிறேன் கால்குலேட்டரை.
இந்த வருஷத்துக்கு அதிலிருந்து
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கழிக்கலாம்.

கால்குலேட்டரை வாங்கி
கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார்.
"என் தம்பிக்கிட்ட நாலு பெறும்னு சொல்லிருக்கேன்."

நாலு ஏசிக்கும் பில் எங்கே என்றால்
டிரங்குப் பெட்டியில் இருந்து
நாலு வெள்ளைத் தாள்.
மை முழுக்கப் பறந்து
ஓரத்தில் கடை பேரில் பாதி மட்டும்.
வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்தேன்.
உள்ளங்கையில் ஒரு சூடும் இல்லாத தாள்.

மஹாலுக்குப் பேர் கொடுத்த கனகவல்லி
பாத்திர அறையிலிருந்து குரல் கொடுக்கிறார்:
"ஏசி மாட்டுனது
குருவம்மா மக நிச்சயத்துக்கு மொத நாள்.
ஏணியில இருந்து அந்தப் பையன் விழுந்தானே."
நிச்சயத் தேதியை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார் என்றேன்.
"பையனுக்குப் போட்ட கட்டு?"
அதற்கும் பில் இல்லை.

பழைய பாஸ்புக்கில் இருந்தது.
செக் நம்பர், தேதி, தொகை.
ஒரு பக்கத்தில் சாம்பார்.

"இடத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?"
"இடம் தேயாது."
"இருபத்திரண்டு சென்ட்டும்?"
"இருபத்திரண்டும்."
அவர் செருப்பைக் கழற்றிவிட்டு
சும்மா கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார்.

அப்போது கரண்ட் போனது.
வாட்ச்மேன் உள்ளே போய்த் திருகினான்.
இருமியது, நின்றது, இருமியது.
பிறகு தரையெல்லாம் அதிர
யாருமில்லாத மேடையில் சீரியல் பல்பு மொத்தமும் எரிந்தன.
சோலையழகு என்னைப் பார்த்தார்,
நான் தாளைப் பார்த்தேன்.
எழுதியதை மாற்றவில்லை.

சத்தத்தில் பேச முடியாமல்
இன்னொரு தரம் எண்ணினேன்.
ஐந்நூற்றுப் பதின்மூன்று.
முதல் தடவை
நான் உட்கார்ந்திருந்ததை விட்டிருக்கிறேன்.