தாழ்

பதினைந்து மதிப்பெண்.
‘வடவாயில் காவலனின் மனப்போராட்டத்தை ஆராய்க.’

காவியத்தில் அவனுக்குப் பெயரில்லை.
மன்னன் அழ நாற்பது பாட்டு,
பட்டத்து யானை சரிய ஒன்பது,
அவனுக்கு ஒரே அடி:
‘தாழ்முன் தாழ்ந்தனன்; திறந்தது கதவம்.’

முதல் உரைகாரர், வணங்கினான் என்கிறார்.
கோட்டைத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத் திறந்தானாம்.
இரண்டாமவர், தாமதித்தான் என்கிறார்.
மூன்றாமவர் கோபக்காரர்:
இழிந்தான், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை மாலைக் கல்லூரியில்
தேவசகாயம் சார் பலகையில் எழுதினார்,
இடப்பக்கம் கடமை, வலப்பக்கம் கருணை,
நடுவில் ஒரு பெருக்கல் குறி.
பர்வீன் பெருக்கினாள், நானும் பெருக்கினேன்.
விடை என்னவென்று கேட்பதற்குள்
ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.

எனக்கு வேலை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்.
நைட் டூட்டியில்தான் காவியம் படிப்பது.
ஒரு கூட்ஸுக்கும் அடுத்த கூட்ஸுக்கும் நடுவே
நான்கு விருத்தம் தேறும்.
மணலி எண்ணெய் வேகன் லேட் என்றால் ஆறு.

ஆராய்கிறேன்.

புறநகர் எரிகிறது. நடுயாமம்.
சுவருக்கு அப்பால் குரல்கள்: திற, பிள்ளைகள் இருக்கிறார்கள்.
விடியும்வரை திறக்காதே என்பது ஆணை.
அவனுக்குக் கிடைத்தது குரல் மட்டும்,
ஒரு முகமும் தெரியவில்லை.
மூன்று உரைகாரரும் இதைத் தொடவே இல்லை.
பகலில் உட்கார்ந்து எழுதியவர்கள் போலும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, அடைமழை.
கேபினிலிருந்து போன்:
குணவதி, கேட்டைப் போடு, நம்பர் குடு.
சக்கரத்தைச் சுற்றுகிறேன், தடி பாதி இறங்கிவிட்டது.
எழில் நகர்ப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ.
யக்கா, ஏத்துக்கா, புள்ளைக்கு ஃபிட்ஸு,
ஸ்டான்லிக்குப் போவணும்க்கா.
இரண்டு பக்கமும் படுதா கட்டியிருந்தது.
உள்ளே பிள்ளை இருந்ததா,
நான் பார்க்கவில்லை.

மனசு பட்டிமன்றம் எதுவும் நடத்தவில்லை.
கடமை எழுந்து பேசவில்லை,
கருணை மைக் கேட்கவில்லை.
கைப்பிடி வழுக்கியது.
செருப்பு வார் அறுந்திருந்தது.
போன வாரம் இதே இடத்தில் ஒருத்தன்
என் அம்மாவை இழுத்துத் திட்டியது ஞாபகம் வந்தது.
கருவாட்டுக் குழம்பை மூடி வைத்தேனா என்றும் வந்தது.
அப்புறம் கை எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

ஆட்டோ போய்விட்டது.
அதன் முதுகை ஒட்டி நுழைந்த தண்ணி லாரி
தண்டவாளத்தின் மேலேயே ஆஃப் ஆகி நின்றது.
சிக்னலில் கூட்ஸ் பதினோரு நிமிடம் ஊளையிட்டது.

காவியத்திலும் அப்படித்தான்,
பிள்ளைகளுக்குப் பின்னால் வேல்கள் வந்தன.

மெமோவுக்குப் பதில் எழுதினேன்:
‘மழை காரணமாகக் கேட் மூடத் தாமதமாகிவிட்டது.’
தாமதித்தேன் என்று எழுதவில்லை.
ஸ்டான்லியில் போய் விசாரித்திருக்கலாம்.
இன்றுவரை போகவில்லை.

மெமோவை மடிக்கும்போதுதான் அந்த அடி திரும்ப வந்தது.
தாழ்ந்தனன் வரைக்கும் அவன் இருக்கிறான்.
திறந்தது என்னும்போது ஆளைக் காணோம்,
கதவு தானாகத் திறந்துகொள்கிறது.
புலவர் இரக்கப்பட்டு அவனை ஒளித்துவைத்தாரா,
இல்லை, விசாரித்தவர்களிடம்
அவனே அப்படித்தான் சொன்னானா?

தேர்வுக் கூடத்தில்
கடமை, கருணை என்று இரண்டு பக்கம் நிரப்பினேன்.
பாஸாக வேண்டுமே.
மணியடிக்க எட்டு நிமிடம் இருந்தது.
எங்கள் தெருவில் ழகரம் புழங்காது,
கதவில் போடுவதும் தாள்தான், எழுதுவதும் தாள்தான்.
எழுந்து நின்றேன்.
சார், இன்னொரு தாள்.